பாலியூரியாவுக்குத் தமிழ்ச்சொல்: ‘சிறுநீர்ப்பெருக்கு’ குறித்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாலியூரியா (polyuria) என்னும் மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இவ்விழையில் இதுவரை வந்துள்ள ‘அடிக்கடிச் சிறுநீர்’, ‘பன்மூத்திரம்’, ‘மிகைச் சிறுநீர்’ ஆகிய மூன்றையும் படித்தேன். சொல்லைத் தேர்வதற்கு முன் அது எதைக் குறிக்க வேண்டும் என்பதை உறுதி செய்துகொள்வது நல்லது. வளர்ந்த ஒருவர் 24 மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் கழித்தால்தான் பொதுவாக மருத்துவர்கள் அதைப் பாலியூரியா என்கிறார்கள். எத்தனை முறை கழித்தார் என்ற கேள்வி இந்த வரையறைக்குள் வருவதில்லை. சிறுநீர்ப்பாதைத் தொற்று உள்ளவரும் புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவரும் நாள் முழுவதும் கழிவறைக்கு நடந்தாலும், ஒவ்வொரு முறையும் வெளியேறுவது சிறிதளவே. மொத்தத்தை அளந்து பார்த்தால் அது இயல்பான ஒன்றரை லிட்டரைத் தாண்டாமலே இருக்கலாம். ஆனால் இவர்களும் பாலியூரியா உள்ளவர்களும் மருத்துவரிடம் சொல்வது ‘அடிக்கடி யூரின் போகிறது’ என்பதைத்தான். இந்த மயக்கத்தைத் தீர்க்க வேண்டிய கலைச்சொல்லே அதை வளர்த்துவிடக் கூடாது.

ஆகவே ‘அடிக்கடிச் சிறுநீர்’ முதலிலேயே விலகிவிடுகிறது. ‘பன்மூத்திரம்’ என்பதிலும் அதே சிக்கல்தான். கிரேக்கத்தின் ‘பாலி’ எண்ணிக்கையையும் அளவையும் ஒருங்கே சுட்டும். தமிழின் ‘பல்’ எண்ணத்தக்கவற்றோடு மட்டுமே இயல்பாகச் சேரும். (‘பல்நீர்’ என்று எழுதினால் வாய் கொப்பளிக்கும் நீர் என்று படிப்பாரும் உண்டு.) ‘மிகைச் சிறுநீர்’ இவற்றைவிட மேல், ஆனால் ‘மிகை’ தேவைக்கு மேற்பட்டது என்ற குறையையும் உடன் சுமக்கிறது. அளவின்றி நீர் அருந்திய ஒருவரிடம் அந்த நீரை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் கடமையே. அங்கே மிகை என்பது குடித்ததில் இருக்கிறதே தவிர, கழித்ததில் இல்லை.

என் முன்மொழிவு ‘சிறுநீர்ப்பெருக்கு’. ஆடிப்பெருக்கை அறிந்த எவருக்கும் பெருக்கு என்பது நீரின் அளவு உயர்வது என விளக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவ மரபும் சிறுநீர் நோய்களை நீரினைப் பெருக்கல், நீரினை அருக்கல் (குறைத்தல்) என இரண்டாக வகுத்திருக்கிறது. சிறுநீர் வெளியேற்றத்தைக் கூட்டும் டையூரெடிக் மருந்துகளைச் ‘சிறுநீர்ப்பெருக்கி’ என்று நாம் ஏற்கெனவே எழுதி வருகிறோம்.

இச்சொல் நோய்க்காரணங்களை விளக்கவும் இடம் தருகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, அதில் 99 விழுக்காட்டுக்கு மேல் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகையால் உறிஞ்சுதலில் ஒரு சிறு குறை நேர்ந்தாலும் இழப்பு லிட்டர் கணக்கில் தெரியும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தால், வடிந்த குளுக்கோஸ் முழுவதையும் நுண்குழல்களால் மீட்க முடியாமல், எஞ்சியது நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. இதைக் ‘கரைபொருள் சிறுநீர்ப்பெருக்கு’ எனலாம். நீரைத் தக்கவைக்குமாறு சிறுநீரகத்தை ஏவும் வாசோப்ரெசின் என்னும் இயக்குநீர் (ஹார்மோன்) போதிய அளவு சுரக்காமையாலோ, நெடுநாள் லித்தியம் மருந்தை உட்கொண்டதாலும் இரத்தத்தில் கால்சியம் மிகுந்ததாலும் சிறுநீரகம் அதன் ஏவலுக்கு இணங்காமையாலோ, செறிவற்ற நீர் ஏராளமாக வெளியேறுவது ‘நீர்த்த சிறுநீர்ப்பெருக்கு’. அளவின்றி நீர் குடிப்போரின் நிலையும் இதில் அடங்கும்.

இந்த இரண்டாம் வகையில் நமக்கொரு பழைய கடன் இருக்கிறது. வாசோப்ரெசின் குறைவாலோ சிறுநீரகம் அதற்கு இணங்காமையாலோ வரும் டயாபடீஸ் இன்சிபிடசை ‘வெல்லமில்லா நீரிழிவு’ என்று எழுதுவோர் உண்டு. டயாபடீஸ் என்ற பெயரால் அந்நோயைச் சர்க்கரை நோயோடு மருத்துவமனைப் பணியாளர்களே குழப்பிக்கொண்டு, நோயாளிகளுக்கு இன்றியமையாத டெஸ்மோப்ரெசின் என்னும் வாசோப்ரெசின் மாற்று மருந்தைக் கொடுக்காமல் விட்டு உயிரிழப்புகளும் நேர்ந்ததால், 2022இல் அகச்சுரப்பியியல் அமைப்புகளின் கூட்டுப் பணிக்குழு அந்நோயின் பெயரையே வாசோப்ரெசின் குறைபாடு, வாசோப்ரெசின் எதிர்ப்பு என்று மாற்ற முன்மொழிந்தது. ஆங்கிலம் கைவிட்டுக்கொண்டிருக்கும் குழப்பத்தை நாம் தமிழில் பேணுவது வேண்டாத வேலை. ‘நீரிழிவு’ சர்க்கரை நோய்க்கு மட்டுமே நிற்கட்டும்.

பெருக்கு, பெருக்கி ஆகிய இரண்டும் ஓர் எழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன என்ற தடை எழக்கூடும். ஒலிபெருக்கி, குளிரூட்டி போன்றவற்றில் இகர ஈறு செய்யும் பொருளைச் சுட்டுவது நன்கு பழகிவிட்டதால், இது பெரிய இடராகாது என்று கருதுகிறேன்.

என்னைத் தயங்கச் செய்வது வேறொன்று. முதியவர்கள் சிலர் நாள் முழுவதும் கழிக்கும் சிறுநீரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இரவிலேயே வெளியேறுகிறது. மொத்த அளவோ இயல்பானதுதான். அதை ‘இரவுச் சிறுநீர்ப்பெருக்கு’ என்றால், 3 லிட்டர் என்ற வரம்பு அங்கே பொருந்தாது. தூக்கத்திலிருந்து எழுந்து சிறுநீர் கழிக்க நேர்வதற்கும், பகலில் சிறிது சிறிதாகப் பலமுறை கழிப்பதற்கும் தனித்தனிச் சொற்கள் இன்னும் அமையவில்லை. முன்னதற்கு ‘இரவெழுகை’ என்பதை எண்ணிப் பார்த்தேன். சிறுநீரைச் சுட்டும் உறுப்பு அதில் இல்லை என்பது குறையே. சிறுநீரகவியல் துறையில் உள்ள நண்பர்கள் இவ்விரண்டுக்கும் தங்கள் பரிந்துரைகளைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.