கலைச்சொல் தேவை: வேக வில்லையா, வேகவில்லையா?

க., சென்னை (திங்கள் காலை)

குழுவினருக்கு வணக்கம். ஒளிப்படக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கும்போது காம்பேக்ட் ஆனதை வாங்குவதா, ஃபாஸ்ட் ஆனதை (வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடுவதை) வாங்குவதா என்று முழு அத்தியாயம் ஒன்று இருக்கிறது. இப்போது எழுதிய வாக்கியத்தையே பாருங்கள், வினையும் வேற்றுமை உருபும் மட்டும்தான் தமிழ்.

நூல் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஜெர்மன் கேமரா நிறுவனமான லைக்காவின் மூன்று லென்ஸ்கள், மூன்றுக்கும் குவியத் தூரம் 28 மி.மீ. எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். எஃப்/2.8 எல்மாரிட் 2006இல் வந்தது, 180 கிராம். எஃப்/2 சுமிக்ரான் 270 கிராம். எஃப்/1.4 சுமிலக்ஸ் 2015இல் வந்தது, 440 கிராம். மூன்றுக்கும் பார்வைக் கோணம் ஒன்றே. எடையும் உள்ளே வரும் வெளிச்சமும்தான் வேறு. விலையும் வேறு, அதை நூலாசிரியர் நாசூக்காகத் தாண்டிவிடுகிறார்.

லென்ஸுக்கு வில்லை என்று வைத்து, வரிசையாக நான் எழுதி வைத்திருப்பவை: தொலைவுகாணி, விரிகோணம், கச்சிதமான வில்லை, வேக வில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் கடைசிச் சொல்லின் இடைவெளியை எடுத்துவிட்டார். "இரவில் படமெடுக்க 1.4 வேகவில்லை நல்லது" என்று வந்திருக்கிறது. ஏதோ சோறு அரைவேக்காட்டில் இறங்கிய மாதிரி. உதவுங்கள்.

பு., தஞ்சாவூர் (திங்கள் மதியம்)

அம்மா, மெய்ப்பாளரை நோகாதீர்கள். குற்றம் வில்லையுடையது. அதன் முன்னால் அகரத்தில் முடியும் எது வந்தாலும் எதிர்மறை வினைமுற்றாகிவிடும். 'அகல வில்லை' என்று எழுதிப் பாருங்கள், அகலவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். 'விரைவு வில்லை' என்று வேகமாகச் சொன்னால் விரைவு இல்லை என்றுதான் காதில் விழும்.

ஆனால் வில்லையை விட்டுவிடச் சொல்லவில்லை (பார்த்தீர்களா, இங்கும் வந்துவிட்டது). வில் என்றால் பழந்தமிழில் ஒளி. வில்லைக்குள் ஒளி இருக்கிறது. இப்படிப் பொருத்தமான சொல்லை விட்டு லென்ஸ் என்று எழுதுவானேன்?

இ., கோவை (திங்கள் மதியம்)

புலவர் ஐயா, வெல்ல வில்லையிலும் சந்தன வில்லையிலும் என்ன ஒளி இருக்கிறது? சேவகர்கள் மார்பில் குத்திய பித்தளை வில்லையையாவது தேய்த்தால் பளபளக்கும். வட்டமான தட்டையான எதுவும் வில்லை, அவ்வளவுதான். தெலுங்கில் பில்ல என்பார்கள். லென்ஸ் மட்டும் என்னவாம், லத்தீனில் பருப்பு. மசூர்ப் பருப்பின் வடிவம் என்பதால் கண்ணாடிக்கு அந்தப் பெயர். அவர்கள் பருப்பை வைத்துப் பெயரிட்டார்கள், நாம் வெல்லத்தை வைத்து.

அவசரமான விஷயம் வேறு. 'விரிகோணம்' வேண்டாம். பள்ளி வடிவியலில் அது 90 பாகைக்கு மேல் 180க்குள் என்று நிலைபெற்றுவிட்ட சொல். 35 மி.மீ. லென்ஸின் மூலைவிட்டப் பார்வை சுமார் 63 பாகை, 28க்குச் சுமார் 75. இரண்டும் குறுங்கோணம்தான். எந்தக் கணக்கு வாத்தியாரும் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். 21 மி.மீ. மட்டும்தான் 90ஐச் சற்றே தாண்டுகிறது. அதை வேண்டுமானால் மனசாட்சியோடு விரிகோண லென்ஸ் எனலாம். 'அகல்கோணம்' என் பரிந்துரை.

பு., தஞ்சாவூர் (திங்கள் இரவு)

அகல்கோணம் நன்று. வினைத்தொகை, எனவே ஒற்று மிகாது. 'அகல்க்கோணம்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். 'அகலக்கோணம்' என்றால் மகரம் கெட்டு வல்லினம் மிகும், அதுவும் பிழையன்று. பில்ல பற்றி நாளை எழுதுகிறேன்.

மு., மதுரை (திங்கள் இரவு)

கல்யாணப் படம் எடுப்பவன் நான். பெரியவர்கள் நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். மண்டபத்தில் உதவியாளரிடம் "ஒன் ஃபோர் எடு" என்போம், "வைடு போடு" என்போம். வேக வில்லை என்றால் பந்திக்கு ஓடிப்போய்ப் பார்ப்பான். வாங்கிப் படிக்கப் போவது எங்களைப் போன்றவர்கள் என்றால் எங்களுக்குப் புரிகிற மாதிரி இருக்கட்டும். 'வெளிச்ச லென்ஸ்' போதாதா?

ச., டொராண்டோ (செவ்வாய் அதிகாலை)

யாழ்ப்பாணத்தில் நாங்கள் குவிவு வில்லை, குழிவு வில்லை என்றே படித்து வந்தோம். ஒருநாளும் வேகாமல் போனதில்லை. உங்களுக்குப் பிம்பம், எங்களுக்கு விம்பம். அதையும் இங்கே கிளப்பினால் தங்கச்சியின் வெள்ளிக்கிழமை போய்விடும்.

என்னிடம் இந்தக் கமரா இருக்கிறது. 28இல் எஃப்/2.8, எஃப்/1.4 இரண்டையும் மாட்டிப் பார்த்திருக்கிறேன். சொல் தேடுவதற்கு முன் பொருளைப் பாருங்கள். இந்தக் கமராவில் நாம் வில்லை வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஓரத்தில் இருக்கும் சின்னச் சாளரம் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் வெளிறிய சதுரம் ஒன்று தெரியும். அதற்குள் இன்னொரு சாளரத்திலிருந்து வரும் விம்பம். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டாவது விம்பம் நகர்ந்து வரும். இரண்டு மூக்கும் ஒரு மூக்காகும் இடத்தில் நிறுத்தினால் குவியம் சரி. முக்கோண முறையில் தூரம் அளக்கிற அதே கணக்கு. 1932இல் லைக்காவின் உடம்புக்குள் புகுந்தது, 1954இல் வந்த எம்3யிலிருந்து இன்றுவரை அடிப்படை அதிகம் மாறவில்லை.

இதனால் ஒரு தொல்லை. வில்லை பெருத்தால் அதன் தோள் சாளரத்துக்குள் வந்து நிற்கும். 1.4ஐ மாட்டினால் சட்டகத்தின் கீழ் வலது மூலையில் கறுப்பாக ஒரு மேடு. போன மார்கழியில் இங்குள்ள கோயிலில் மருமகளை எடுத்தேன். அவள் காலடியில் தூணைப் பிடித்தபடி பேத்தி இருந்தது படம் வந்த பிறகுதான் தெரியும். 2.8இல் அந்தக் கரைச்சல் இல்லை, ஆனால் அந்த வெளிச்சத்துக்கு 1/15 நொடி தேவைப்பட்டிருக்கும். 1.4 என்றபடியால் 1/60 கிடைத்தது. பிள்ளை அசைந்தும் முகம் கலங்கவில்லை.

ஆகவே கேள்வி வேகம் அல்ல. ஒளியா, ஒதுக்கமா என்பதுதான்.

க., சென்னை (செவ்வாய் காலை)

அண்ணா, "ஒளியா, ஒதுக்கமா" என்பதை அத்தியாயத் தலைப்பாக வைத்துக்கொள்ளட்டுமா?

இ., கோவை (செவ்வாய் காலை)

வேகம் என்பது திரையின் (ஷட்டரின்) குணம். வெளிச்சம் கூடினால் திரையை வேகமாக மூடலாம், அந்த வேகத்தைத் தூக்கி லென்ஸின் தலையில் வைத்தது ஆங்கிலம். ஃபிலிமுக்கும் அதே சொல். நாமும் அதே மாதிரி வைத்தால் திரை வேகம், ஃபிலிம் வேகம், லென்ஸ் வேகம் என்று ஒரே பக்கத்தில் மூன்று வேகம் வரும்.

'பெருந்துளை வில்லை' என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். அதுவும் ஆகாது. எஃப் எண் என்பது விகிதம், குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 28 மி.மீ. 1.4க்குத் துளை 20 மி.மீ. 90 மி.மீ. 2.8க்குத் துளை 32 மி.மீ. துளை பெரிது, ஒளி கால்பங்கு. மாணவன் அளவுகோலோடு வந்தால் என்ன சொல்வீர்கள்?

ந., பெர்லின் (செவ்வாய் மாலை)

லைக்காவின் ஊர்க்காரர்களே இதை வேகம் என்று சொல்வதில்லை. ஜெர்மனில் லிஷ்ட்ஷ்டார்க், அதாவது ஒளிவலிய. ஜப்பானியர் அகாருய் என்பார்கள், வெளிச்சமான என்று பொருள். பிரெஞ்சிலும் ஒளியை வைத்துத்தான். சுமிலக்ஸ் என்ற பெயரிலேயே லக்ஸ், லத்தீனில் ஒளி. நாக்டிலக்ஸ் இரவொளி. ஆங்கிலம் மட்டும் ஓடுகிறது என்பதற்காக நாமும் ஏன் ஓட வேண்டும்? 'ஒளிமிகு வில்லை' என்பது என் வாக்கு. மதுரை நண்பரின் வெளிச்ச லென்ஸும் இதே தடம்தான், அதை யாரும் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டோம்.

பு., தஞ்சாவூர் (செவ்வாய் இரவு)

வில் என்றாலே ஒளி என்று நேற்றே சொன்னேன். ஒளிமிகு வில்லை கூறியது கூறல்.

இரவெல்லாம் யோசித்து ஒரு சொல் கண்டேன். உரிச்சொல் 'கடி'. தொல்காப்பியர் அதற்குப் பத்துப் பொருள் சொல்கிறார். அவற்றுள் விரைவு உண்டு, விளக்கம் உண்டு, கூர்மை உண்டு, மிகுதி உண்டு, புதுமையும் உண்டு. ஆங்கிலத்தின் வேகம், ஜெர்மனின் ஒளி, நல்ல வில்லைக்கு வேண்டிய கூர்மை எல்லாம் ஒரே சொல்லில், இரண்டே எழுத்தில். உலகில் எந்த மொழிக்கு இந்த வாய்ப்பு இருக்கிறது? 'கடிவில்லை' என்று வையுங்கள். வழிமொழிவோர் கை தூக்கலாம்.

மு., மதுரை (செவ்வாய் இரவு)

நாய்க்கடிக்குத் தருகிற மாத்திரையா ஐயா?

பு., தஞ்சாவூர் (செவ்வாய் இரவு)

தம்பி, கடிநகர் என்றால் காவலுள்ள நகர், கடிமணம் என்றால் திருமணம். நீங்கள் படமெடுப்பதே கடிமணங்களைத்தான். அங்கே யாரும் யாரையும் கடிப்பதில்லை.

மு., மதுரை (செவ்வாய் இரவு)

நான் போன மண்டபங்கள் வேறு ஐயா.

க., சென்னை (புதன் காலை)

சிரித்துக்கொண்டே பார்த்தால் ஒருநாள் போய்விட்டது. தொலைவுகாணி பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? 'வீச்சுக்காணி' என்று பழைய வரைவில் ஒரு சொல் இருந்தது. இயற்பியலில் வீச்சு வேறு பொருளில் இருப்பதால் எடுத்துவிட்டேன். 'காம்பேக்ட்' என்பதற்குக் கச்சிதம் இருக்கலாமா?

இ., கோவை (புதன் காலை)

தொலைவுகாணி போதும். தூரமானி என்றால் வண்டியில் ஓடிய தூரம் காட்டுவது என்று எடுத்துக்கொள்வார்கள். கச்சிதம் எல்லாருக்கும் தெரியும். 'கையடக்க' வேண்டாம், 440 கிராம்கூடக் கைக்குள் அடங்கும், கழுத்துக்குத்தான் அடங்காது.

பு., தஞ்சாவூர் (புதன் மதியம்)

கச்சிதம் தமிழ்தானா என்று பார்க்க வேண்டும். கச்சு, கச்சை என்று இறுக்கிக் கட்டும் பொருளில் வேர் தேடலாம், ஆனால் அந்த 'இதம்' உறுத்துகிறது. 'செறிவில்லை' என்று சொல்ல வந்தேன். எழுதியதும் தெரிந்தது, செறிவு இல்லை. விடுங்கள்.

தொலைவுகாணியை மறுக்கவில்லை. ஆனால் டொராண்டோ அன்பர் சொன்ன இரண்டு மூக்கு ஒரு மூக்காவதைப் படித்ததும் 'கண்ணொடு கண்இணை நோக்கொக்கின்' என்ற குறள்தான் நினைவுக்கு வந்தது. நோக்கு ஒக்கும் கருவி, 'நோக்கொப்பி'. தூரம் அளப்பது அதன் வேலைதான், நாம் காண்பது ஒப்பு. பெயர் காட்சிக்கு வைப்பதா, வேலைக்கு வைப்பதா?

ச., டொராண்டோ (புதன் மாலை)

ஐயா, நோக்கொப்பி எனக்குப் பிடித்துவிட்டது. நூலுக்கு உதவாது, ஆனால் என் கமராவை இனி அப்படித்தான் கூப்பிடப் போகிறேன். வாய்ச்சொற்கள் என்ன பயனும் இல என்பது இந்த மடலாடலுக்கும் பொருந்தும்போல.

ந., பெர்லின் (புதன் இரவு)

போகிற போக்கில் ஒன்று: கையேட்டின் அட்டையில் புகைப்படம் என்றா, ஒளிப்படம் என்றா?

மட்டுறுத்துநர் (புதன் இரவு)

புகைப்படமா ஒளிப்படமா என்பதற்கு நம் குழுவில் ஏற்கெனவே இழைகள் பல உண்டு. அங்கே போய் எரியுங்கள், புகை இங்கே வர வேண்டாம். கலைச்சொல்லுக்கு நாளை மாலை வரை அவகாசம்.

இ., கோவை (வியாழன் காலை)

முடிப்பதற்கு முன் ஒரு கணக்கு, நூலில் இருந்தால் நல்லது. 2.8இலிருந்து 2க்கு ஒளி இருமடங்கு, 2இலிருந்து 1.4க்கு மறுபடி இருமடங்கு. எடை 180, 270, 440. நான்கு மடங்கு ஒளிக்குச் சுமார் இரண்டரை மடங்கு எடை. கேட்க லாபம்போல் இருக்கும். ஆனால் அகல்கோணத்தில் 2.8இலேயே குவிய ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) தாராளம். பகலில் தெருவில் நடப்பவர் வளையத்தை மூன்று மீட்டரில் வைத்துவிட்டு எஃப்/8இல் சொடுக்கிக்கொண்டே போகலாம். அவருக்கு 1.4 வீண் சுமை. இந்த வாக்கியத்தில் 'வேகம்' எங்கேயாவது தேவைப்பட்டதா? அதுதான் என் வாதம்.

க., சென்னை (வியாழன் மாலை)

எண்ணிப் பார்த்தேன். ஒளிமிகு வில்லை மூன்று, வெளிச்ச லென்ஸ் இரண்டு (மதுரைத் தம்பியும், கேட்டுவிட்டேன், என் அச்சகத்துக்காரரும்), கடிவில்லை ஒன்று, ஆங்கிலத்தையே வைத்துவிடுங்கள் என்று தனிமடல் ஒன்று. நான் அனுப்பியது 'ஒளிமிகு லென்ஸ்'. ஒளிமிகு சொன்னது அதிகம் பேர், லென்ஸ் சொன்னது வாங்கிப் படிக்கிறவர். இரண்டு பக்கமும் திட்டும் என்று தெரியும். அகல்கோணம், தொலைவுகாணி, கச்சிதமான அப்படியே போகின்றன. வில்லை என்ற சொல்லை முன்னுரையில் ஒருமுறை மட்டும் எழுதியிருக்கிறேன், முன்னும் பின்னும் இடைவெளி விட்டு, மெய்ப்பாளருக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட்டேன்.

பு., தஞ்சாவூர் (வியாழன் இரவு)

பணி முடிந்ததில் மகிழ்ச்சி. ஒளிமிகு லென்ஸ் என்பது பாதி வேட்டி, பாதி கால்சட்டை. இருக்கட்டும். அச்சானதும் ஒரு படி அனுப்புங்கள் அம்மா. என் பேரன் விஸ்காம் படிக்கிறான். அவனுக்குக் கொடுப்பதற்கு முன் 'ஒளிமிகு' வருகிற இடமெல்லாம் பென்சிலால் 'கடி' என்று திருத்தி வைப்பேன். பில்ல பற்றிய மடல் நாளை வரும்.