ஸ்க்ரப் = துலக்கல்? ஆடிவட்டுகளுக்கு ஒரு சொல்

ஒரே தரவின் பிரதிகளை வைத்திருக்கும் ஆடிவட்டுகளை (mirror) முழுக்கப் படித்து, கெட்ட பிரதியைக் கண்டு திருத்தும் வேலைதான் ஸ்க்ரப் (scrub). அதற்குத் தமிழில் "துடைத்தல்" வேண்டாம். வட்டைத் துடைப்பதென்றால் தரவை அழிப்பது என்றே படிப்பார்கள். காப்பாற்றும் கட்டளைக்கு அந்தப் பெயர் வைத்தால் யாரும் துணிந்து ஓடவிட மாட்டார்கள். "சரிபார்ப்பு" ஏற்கெனவே கடவுச்சொல் முதல் எழுத்துப்பிழை வரை எல்லாவற்றுக்கும் உழைக்கிறது.

என் பரிந்துரை: துலக்கல். பாத்திரத்தையும் துலக்குகிறோம், துப்பையும் துலக்குகிறோம். இசட்எஃப்எஸ் (ZFS) கோப்பு முறைமையில் இரண்டுமே நடக்கிறது. தரவுள்ள ஒவ்வொரு தொகுதியையும் படித்து, செக்சம் (தரவு மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்) கணக்கிட்டு, அதைச் சுட்டும் மேல்தொகுதியில் பதிந்ததோடு பொருத்துகிறது. பொருந்தாத பிரதியை மறுவட்டின் நல்ல பிரதியால் திருத்துகிறது.

லினக்ஸின் எம்டி (md) மென்பொருள் அமைக்கும் ரெய்டு-1க்கு, அதாவது செக்சம் இல்லாத ஆடிவட்டுகளுக்கு, இச்சொல் கூடாது. டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு ஓடும் 'செக்' இரு வட்டுகளையும் படித்து, வேறுபாட்டை 512 பைட் செக்டர் (வட்டின் சிறு பகுதி) கணக்கில் எண்ணுகிறது, அவ்வளவே. எது சரி என்று அதற்குத் தெரியாது. மூலச்சுவடி தொலைந்தபின் இரண்டு படிகளை வைத்துக்கொண்டு விழிப்பது போல. 'ரிப்பேர்' கொடுத்தால் ஒரு பிரதியை மற்றதன்மேல் எழுதிவிடும். எடுத்த பிரதியே கெட்டதென்றால் நல்லதும் போச்சு. இதற்கு "ஒப்புநோக்கல்" போதும்.

> இதற்கு "ஒப்புநோக்கல்" போதும்

முழுக்கப் போதாது ஐயா. 'செக்' ஓடுகையில் ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்று வட்டு சொன்னால், எம்டி மறுவட்டிலிருந்து எடுத்து அங்கேயே எழுதுகிறது. தேவைப்பட்டால் வட்டு மாற்று செக்டர் ஒதுக்கிக்கொள்ளும். அது வைத்தியமும்தான்.

இன்னொன்று: அந்த எண்ணிக்கையைப் "பிழை எண்ணிக்கை" என்று எழுதாதீர்கள். ரெய்டு-1இல் ஸ்வாப் (நினைவகப் பக்கங்களை ஒதுக்கிவைக்கும் வட்டிடம்) இருந்தால், இரு வட்டுகளுக்கும் எழுதும் இடைவெளியில் நினைவகப் பக்கம் மாறி, கெடுதலில்லாத வேறுபாடு நிற்கும். "முரண் எண்ணிக்கை" பொருந்தும்.

> அது வைத்தியமும்தான்

ஒப்புக்கொள்கிறேன், விளக்கக் குறிப்பில் சேர்ப்போம். ஆனால் அங்கே தன் குறையை வட்டே சொல்லிவிடுகிறது. பிட் மாறியும் வட்டு வாய்திறக்காத இடத்தில்தான் எம்டி கைவிரிக்கிறது. ஒவ்வொரு வட்டின்மீதும் டிஎம்-இன்டெக்ரிட்டி (dm-integrity, தரவோடு செக்சமும் வைக்கும் லினக்ஸ் அடுக்கு) போட்டு அதன்மேல் ரெய்டு கட்டினால், மௌனப் பிழையும் படிப்புப் பிழையாக மேலே வரும். எம்டி நல்ல பிரதிக்குப் போகும். அந்த அமைப்பில் மட்டும் "துலக்கல்" என்று தாராளமாக எழுதலாம். செக்சம் வைக்க இடமும், எழுதும் வேகமும் கொஞ்சம் போகும்.

முரண் எண்ணிக்கை சரி.

ரீசில்வருக்கு (resilver: மாற்றிய வட்டில் நல்ல பிரதியிலிருந்து தரவை மறுபடி நிரப்புவது; நேர்ப்பொருள் கண்ணாடிக்கு மறுபடி வெள்ளி பூசுவது) "மறு ஒத்திசைவு" என்று போட்டிருந்தோம். கண்ணாடிக்கு ரசம் பூசுவது நம் பழக்கத்தில் உள்ளதே, "ரசம்பூசல்" எனலாமா? கூடவே சாம்பார் கேட்பார்கள் என்றால் "மறுபூச்சு".