தனியாளாக வீவக வீடு வாங்கியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் எனக்கு 35. சிங்கப்பூரில் தனியாளாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எனும் அரசு அமைப்பின்) வீடு வாங்கும் வயது ஒருவழியாக வந்துவிட்டது. அப்பா 1986இல் ஈசூனில் நாலறை வீடு வாங்கியவர். அந்த ரசீதை பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து நீட்டி, "சம்பளத்தையெல்லாம் கோப்பிக் கடையில் விடுகிறாயா?" என்கிறார். (நான் கோப்பி குடிப்பதே வீட்டில்தான்!)

அவருக்குப் பக்கத்தில் இருக்க ஆசை. பெற்றோர் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் தனியாளுக்கு 10,000 வெள்ளி மானியம் உண்டு. ஆனாலும் அங்கே கேட்கும் விலைக்கு என் மசேநிதி (மத்திய சேமநிதிச் சேமிப்பு) காணாது. 2024 அக்டோபரிலிருந்து வீவக கட்டும் புதிய ‘ஈரறை ஃபிளெக்சி’ எனும் சிறிய வீட்டுக்குத் தனியாள் எந்த வட்டாரத்திலும் விண்ணப்பிக்கலாம். சரி, குலுக்கலில் என் பெயர் விழ வேண்டுமே.

காத்திருக்கலாமா, கடன் வாங்கி மறுவிற்பனைக்கே போகலாமா? அப்புறம், இந்தக் கணக்கை உங்கள் அப்பாவிடம் எப்படிச் சொன்னீர்கள்?