புதுப்பிப்பு: கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் கொடுத்தாயிற்று

அக்கா பிள்ளைகள் மூவருக்கும் (ஒன்றரை, ஆறு, பத்து வயது) கிறிஸ்துமஸ் பரிசாகப் புத்தகம் கொடுத்தால் முகம் சுளிப்பார்களா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

சின்னவனுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம். உறையைப் பிரித்த கையோடு அது வாய்க்குப் போனது. முனைகள் வளைவாக இருந்ததால் பயமில்லை. ஒரு மூலை மட்டும் ஊறிப் பிசுபிசுத்துவிட்டது.

ஆறு வயதுக்காரிக்கு 32 பக்கப் படக்கதை. பெரும்பாலான படக்கதைகள் இந்த அளவில்தான் வருகின்றன. பெரிய தாளை அச்சடித்து மடிக்கிற கணக்கு அது. அன்றிரவே நான்கு முறை படிக்கவைத்தாள். நான்காம் முறை நான் நைசாக ஒரு வரியைத் தாண்டினேன். அந்த வரியின்மேல் விரலை வைத்து, "இது?" என்றாள்.

பெரியவனிடம்தான் தோற்றேன். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்கள் புரியாவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம் என்று இங்கே ஒருவர் எச்சரித்திருந்தார். கேட்டேனா? என் ஆசைக்குத் தடித்த நாவலை வாங்கினேன். முதல் பக்கத்திலேயே ஐந்து விரல்களையும் மடக்கிவிட்டான். இப்போது அதை அத்தான் படிக்கிறார். பையனுக்குச் சுறாக்களைப் பற்றிய புத்தகம் வேண்டுமாம், தேடிக்கொண்டிருக்கிறேன்.