பிரம்மபுரம் புகைக்கு அப்புறம் அம்மாவுக்கு விடாத இருமல்

வணக்கம். நாங்கள் கொச்சி காக்கநாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். 2023 மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் கழிவு ஆலையில் பிளாஸ்டிக் குப்பை பற்றி எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். பத்து நாளுக்கு மேல் புகைந்தது. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகி வைத்தும், கொடியில் கிடந்த துணியெல்லாம் அதே கருகிய நாற்றம்.

அம்மாவுக்கு வயது 61. வீட்டில் யாருக்கும் பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. அந்த மாதம் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. மாடிப்படி ஏறினால் இழுக்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், வயசுதான் காரணம் என்று அனுப்பிவிட்டார். எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம், அது ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியில்தான் தெரியும் என்று அப்புறம்தான் படித்தேன்.

நுரையீரல் மருத்துவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: ஸ்பைரோமெட்ரி மட்டும் போதுமா, நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு நன்றாகப் போகிறது என்று பார்க்கும் டிஎல்சிஓ (DLCO) சோதனையும் சேர்த்துப் பார்க்கணுமா? பிளாஸ்டிக் புகையில் வரும் டயாக்சின் என்ற நச்சு உடம்புக் கொழுப்பில் வருஷக்கணக்கில் தங்குமாம். அதற்கு ரத்தப் பரிசோதனை செய்வதில் பிரயோஜனம் உண்டா, இல்லை காசுக்குத்தான் கேடா?

அந்தப் பக்கம் இருந்தவர்களில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா? மருந்துப் பெயர் வேண்டாம், என்ன பரிசோதனை செய்தார்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.