புதுப்பிப்பு: எங்கள் தெருத் தளத்தின் பழைய பக்கங்கள் மீண்டன

2004 மகாமகத்தின்போது பள்ளி நண்பர்கள் சேர்ந்து எங்கள் கும்பகோணத்துத் தெருவுக்காக அமைத்த வலைத்தளத்தை இப்போது திறந்தால் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரிகின்றன என்று சென்ற மாதம் எழுதி உதவி கேட்டிருந்தேன். அவற்றுள் பெரும்பகுதி மீண்டுவிட்டது.

நீங்கள் பலரும் ஊகித்தபடியே அவை, அக்காலத்தில் கணினியில் தமிழ் எழுத்துகளைப் பதியப் பயன்பட்ட திஸ்கி (TSCII) குறியேற்றத்தில் இருந்தன. திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாகப் பதிவாகும். இன்று வழக்கிலுள்ள ஒருங்குறியிலோ (யூனிகோட்) ககரம் முதலில் வந்து, உயிர்க்குறி அதன்பின் வரும். இதைக் கவனிக்காமல், திஸ்கியை ஒருங்குறியாக மாற்ற நான் எழுதிய முதல் நிரலில் ‘கொட்டையூர்’ என்பது ‘ெகாட்ைடயூர்’ எனச் சிதைந்தது. வரிசையை மாற்றியபின் சரியானது.

மெய்ப்புப் பார்க்கும் வேலையை வாட்ஸ்ஆப் குழுவில் பகிர்ந்துகொண்டோம். நாங்கள் பேசிவந்த ஆர்க்குட் சமூக வலைத்தளம் மூடப்பட்ட 2014க்குப் பின் வாழ்த்துப் படங்களோடு நின்றுபோயிருந்த எங்கள் பேச்சு, இந்த நான்கு ஞாயிறுகளில் நள்ளிரவுவரை நீண்டது. யாத்ரீகர்களுக்காக எந்தெந்தத் திண்ணையில் மோர்ப் பானை வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் அன்று தொகுத்த பட்டியல் திரையில் தெளிந்தபோது, அதில் தன் பாட்டியின் பெயரைக் கண்ட நண்பன் சற்று நேரம் பேசவே இல்லை.

புகைப்படங்கள்தாம் இன்னும் கிடைக்கவில்லை. பழைய குறுந்தகடுகளில் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தவுடன் இங்கேயே தெரிவிக்கிறேன்.