மகன் கேமில் ₹7,000-க்கு மேல் செலவழித்துவிட்டான். பணம் திரும்பக் கிடைக்குமா? இதை எப்படி நிறுத்துவது?

பல்லடம் அம்மா:
என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். என் போனில்தான் கேம் ஆடுவான். நாலு பேர் ஒரு ஸ்குவாடாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம். இன்று பாஸ்புக் என்ட்ரி போட்டபோதுதான் பார்த்தேன். ₹80, ₹80, ₹250, மறுபடி ₹80 என்று யுபிஐ-யில் வரிசையாகப் போயிருக்கிறது. கூட்டினால் ₹7,140. வந்த மெசேஜையெல்லாம் அழித்திருக்கிறான். மளிகைக் கடையில் ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுவது அவன்தான், அதனால் நம்பர் தெரியும்.

கேட்டவுடன் அழுதுகொண்டே திரையைக் காட்டினான். சுற்றினால் பரிசு விழும் ஒரு சக்கரம் இருக்கிறது. வைரம் என்பது காசு கொடுத்து வாங்கும் கேம் நாணயம். முதல் தடவை சுற்ற 9 வைரம், அடுத்த தடவை 19, அப்புறம் 39. கீழே ‘முடிய இன்னும் இத்தனை மணி நேரம்’ என்று கடிகாரம் ஓடுகிறது. “இன்னும் ஒரே ஒரு சுத்தும்மா, வந்திருக்கும்” என்கிறான்.

எனக்கு அதைவிட மனது கேட்காத விஷயம், வாங்கியதில் பாதிக்கு மேல் அவனுக்கே இல்லை. ஒன்பதாவது படிக்கும் இரண்டு பையன்களுக்கு கிஃப்ட் அனுப்பியிருக்கிறான். அனுப்பாவிட்டால் ஸ்குவாடில் சேர்க்க மாட்டார்களாம், ‘பாட்’ (ஆடத் தெரியாதவன்) என்று கூப்பிடுவார்களாம். அவன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அடி விழும். கடைசிப் பணம் போனது நேற்று ராத்திரி. என்ன செய்வது?

செல் சர்வீஸ் தம்பி:
அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். நேற்று ராத்திரி போன ஆர்டரை முதலில் பாருங்கள். கூகுள் பிளே-யில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் ரீஃபண்ட் கிடைக்க வாய்ப்பு அதிகம். பிளே ஸ்டோரைத் திறந்து புரொஃபைல் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி’. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஜிபிஏ என்று தொடங்கும் எண் இருக்கும், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரீஃபண்ட் கேட்கும்போது காரணமாக, வீட்டிலுள்ள குழந்தை அனுமதியில்லாமல் வாங்கியது என்பதைத் தேர்ந்தெடுங்கள். 48 மணி நேரம் தாண்டிய ஆர்டருக்கு கேம் கம்பெனியின் கஸ்டமர் சப்போர்ட்டில் எழுத வேண்டும்.

பையனிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரீஃபண்ட் வந்தால் வாங்கிய வைரத்தைக் கேமில் பிடித்துக்கொள்வார்கள், சில கேமில் அவன் கணக்கையே முடக்கிவிடுவார்கள். திடீரென்று பார்த்தால் ரொம்ப உடைந்துபோவான்.

அப்புறம் யுபிஐ பின்னை இன்றே மாற்றுங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்’ என்பதை ஒவ்வொரு தடவையும் கேட்கும்படி வையுங்கள்.

ஓய்வுபெற்ற கேஷியர்:
வங்கிக்குப் போய் ‘யாரோ திருடிவிட்டார்கள்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொன்னது, வெளியாள் செய்த மோசடிக்கு. சரியான பின் போட்டு உங்கள் போனிலிருந்தே போன பணத்துக்கு அது பொருந்தாது. 1930 என்ற உதவி எண்ணும் சைபர் மோசடிக்கானதுதான். ‘ஃப்ரீ டைமண்ட் தருகிறேன்’ என்று யாராவது லிங்க் அனுப்பிப் பணத்தை உருவியிருந்தால் உடனே கூப்பிடுங்கள். அப்படி ஏதாவது நடந்ததா என்று பையனிடம் கேட்டுப் பாருங்கள்.

பல்லடம் அம்மா:
கேட்டேன் ஐயா, லிங்க் எதுவும் இல்லை. ஆனால் தாத்தா கொடுத்த காசில் ரீசார்ஜ் கடையில் ரிடீம் கோடும் (போனில் போட்டால் பணமாக ஏறும் எண்) வாங்கியிருக்கிறான். கடைக்காரர் எதுவுமே கேட்கவில்லையாம்.

செல் சர்வீஸ் தம்பி:
பயன்படுத்திய கோடுக்குப் பணம் திரும்ப வராது அக்கா, அதை விட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் நேரில் சொல்லி வையுங்கள். தெரிந்த கடை என்றால் அடுத்த முறை உங்களுக்கு ஒரு போன் போடுவார்.

முன்பு கேம் ஸ்டுடியோவில்:
நான் சில வருடம் கேம் தயாரிப்பில் இருந்தவன். உங்கள் மகன் பணத்தாசையில் செய்தான் என்று நினைக்காதீர்கள். கேமில் வரும் ஆளுக்குப் போடும் சட்டை 400 வைரம் என்று வையுங்கள், கடையில் விற்கும் பொட்டலமோ 310 அல்லது 520. எப்படி வாங்கினாலும் குறையும் அல்லது மிஞ்சும். மிஞ்சியது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், அதைச் செலவழிக்க மறுபடி கொஞ்சம் வாங்கத் தோன்றும். ரூபாய் வைரமாக மாறிவிட்டால் எவ்வளவு போகிறது என்பதே மறந்துவிடும். பெரியவர்களுக்கே அப்படித்தான்.

சக்கரத்தில் விலை ஏறுவதும் திட்டமிட்டதுதான். ஏற்கெனவே போட்டது வீணாகிவிடுமே என்ற தவிப்பில் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். 12 வயதுப் பையன் இதை எதிர்த்து நிற்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. 2018-இல் பெல்ஜியம் காசுக்கு வாங்கும், உள்ளே என்ன வரும் என்று தெரியாத இந்த மாதிரி அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது.

வக்கீல் அண்ணன்:
கேம் கம்பெனிக்கு எழுதும்போது பையனின் வயதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், வயதுச் சான்றையும் இணையுங்கள். 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 11-இன்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. 1903-இல் மோஹரி பீபி வழக்கில், அன்று இந்தியாவுக்கு மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அப்படிப்பட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. ‘கணக்கு உங்கள் பெயரில், பின் நம்பரும் உங்களுடையது’ என்று அவர்கள் வாதிடுவார்கள், அதனால் இது ஒன்றை மட்டும் நம்பிவிட முடியாது.

ஓடும் கடிகாரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்தது. பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. கம்பெனி பதில் தராவிட்டால் 1915 என்ற எண்ணில் கூப்பிட்டு நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். அமெரிக்காவில் 2022-இல் ஃபோர்ட்நைட் கேமைத் தயாரிக்கும் எபிக் நிறுவனம் இதே மாதிரி விவகாரத்தில் 245 மில்லியன் டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கு டீச்சர்:
எனக்கு அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன்களைப் பற்றித்தான் கவலை. என் வகுப்பிலும் இது நடக்கிறது. ஸ்கின் (காசு கொடுத்து வாங்கும் கேம் உடை) இல்லாதவனை ‘நூப்’ (கத்துக்குட்டி) என்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். பிறந்தநாளுக்கு சாக்லேட்டுக்குப் பதில் வைரம் கேட்கிறார்கள். சின்னப் பையனுக்கு அந்த ஸ்குவாடை விட்டால் வேறு நண்பர்களே இல்லை என்ற பயம். கேமை டெலிட் செய்தாலும் நாளைக்குப் பள்ளியில் அந்தப் பையன்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும்?

கிஃப்ட் அனுப்பிய பட்டியல் கேமிலேயே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். மிரட்டி வாங்கினார்களா, ஆசை காட்டி வாங்கினார்களா என்பதை அவர்கள் விசாரிக்கட்டும். உங்கள் பையன் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் நீங்களே சொல்லுங்கள், ஆனால் அந்த கிஃப்ட் பட்டியலை முதலில் காட்டிவிட்டு அப்புறம் தொகையைச் சொல்லுங்கள்.

பல்லடம் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. கடைசி ராத்திரி போன ஆர்டர்களுக்குப் பணம் வந்துவிட்டது. பழையதற்குக் கம்பெனியில் எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. டீச்சர் சொன்ன மாதிரியே என் வீட்டுக்காரரிடம் பட்டியலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் அவரே பள்ளிக்கு வருகிறேன் என்றார். அடிக்கவில்லை. மகனுக்குத் தனி கணக்கு போட்டுக் கொடுக்கலாமா?

செல் சர்வீஸ் தம்பி:
கட்டாயம் போடுங்கள் அக்கா. கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பில் அவனுக்கென்று கணக்கு தொடங்கி, வாங்கும் எல்லாவற்றுக்கும் உங்கள் அனுமதி தேவை என்று வைக்கலாம். பிளே ஸ்டோர் வழியாக வாங்குவதற்கு மட்டும்தான் அது காவல். வெளி வெப்சைட்டில் அவன் கேம் கணக்கு எண்ணை (பிளேயர் ஐடி) போட்டு வைரம் வாங்குவதை அது தடுக்காது, அதனால் புது பின்னை அவனுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டையர் அப்பா:
எங்கள் வீட்டில் ஐபேட். அதில் எங்கே நிறுத்துவது?

செல் சர்வீஸ் தம்பி:
செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைம், அதற்குள் ‘கன்டென்ட் அண்ட் பிரைவசி’, அதில் ‘இன்-ஆப் பர்ச்சேஸ்’ என்பதை அனுமதிக்காதபடி மாற்றுங்கள் அண்ணே. ஸ்கிரீன் டைமுக்குத் தனியாக ஒரு பாஸ்கோடும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளே திரும்ப மாற்றிவிடுவார்கள்.